ஆறு ட்யூப் ஜெல்

மேலகரம், தென்காசி
14 ஜூலை 2024

அன்புத் தம்பி இசக்கிதுரைக்கு,

அக்கா வேல்விழி எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? அந்த ஊர்ச் சப்பாத்தி உனக்குச் செரிக்கிறதா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம்.

கடிதமா என்று சிரிக்காதே. உன் பயிற்சி முகாமில் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்தான் பேச விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார். உன்னிடம் நாலு வார்த்தை தனியாகப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வலது கன்னத்தின் உட்பக்கத்தை எடுத்துவிட்டுத் தொடைச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும். பேச்சில் பாதியை முழுங்குகிறார். அதற்காக வாய் சும்மா இருக்கிறதா? நேற்று கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏட்டி, ஒரு பக்கம் நான், மறுபக்கம் வேற எவனோல்லா நிக்கான்" என்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

குற்றாலம் மெயினருவிக் கரையில் பதினைந்து வருடம் ஈரத்தில் நின்று கூட்டத்தை விரட்டிய ஏட்டு. குளிருக்கென்று அடக்க ஆரம்பித்த பொயிலையை ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அறுபத்து மூன்று வயதில் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. நல்லவேளை, முழுக்க எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சீசன் இந்த வருடம் பிரமாதம். எங்கள் மருந்துக்கடையில் அருவியில் ஆடிவிட்டுச் சளி பிடித்தவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. பார்மசி டிப்ளமோவுக்கு இவ்வளவு மரியாதை தென்காசி பஸ் ஸ்டாண்டைத் தவிர வேறு எங்கே கிடைக்கும்!

அப்பாவுக்கு இப்போது ஒரே பேச்சு, பிப்ரவரி இருபதில் உன் பயிற்சி நிறைவுப் பரேடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
வேல்விழி


பயிற்சி முகாம், மத்தியப் பிரதேசம்
29 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. பாரக்கில் எனக்குத்தான் முதல் கடிதம். ஹரியானாக்காரன் ஒருவன் காதல் கடிதம் என்று நினைத்து முகர்ந்து பார்த்தான். மருந்துக்கடை வாசம்தான் அடித்திருக்கும். அப்பா, அம்மா உடம்பு தேவலையா? நான் சுகம்.

காலை நாலரைக்கு விசில். எங்களுக்கு டிரில் சொல்லித் தருகிறவரை உஸ்தாத் என்கிறோம். அவர் கத்துவது இந்தி, நான் பதிலுக்குக் கத்துவதும் இந்தி என்றுதான் நான் நினைக்கிறேன், அவர் அப்படி நினைக்கவில்லை. அதனால் தினமும் குட்டிக்கரணம்.

நாக்கில், இடது ஓரத்தில், ஒரு புண். ஜூன் கடைசியில் வந்தது. கடைவாய்ப் பல் உரசுகிறது என்று நினைக்கிறேன். மெஸ் பருப்பில் மிளகாயை அள்ளிப் போடுகிறார்கள். டாக்டரம்மா ஏதாவது அனுப்பி வைக்கவும்.

இன்னொன்று. அப்பாவுக்கு முதல்முதலில் எப்படி ஆரம்பித்தது? எந்த இடம்? வலித்ததா? நான் அப்போது கோச்சிங் சென்டரே கதி என்று கிடந்ததால் எதுவும் கவனிக்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இசக்கிதுரை


மேலகரம்
10 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உனக்கும் புண்ணைத் தவிர மற்றதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். ஜெல் இரண்டு ட்யூப், பி-காம்ப்ளெக்ஸ் முப்பது மாத்திரை பார்சலில் வருகிறது. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் தடவு. நாக்கு மரத்துப்போகும், மிளகாய் தெரியாது. எங்கள் கடையில் நாளைக்குப் பத்துப் பேர் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள்.

அப்பா விஷயம் கேட்டிருந்தாய். பொயிலையை அடக்குகிற அதே இடத்தில், கன்னத்துக்குள், முதலில் வெள்ளையாக ஒரு படை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. வலியே இல்லை. பிறகு வெடித்தது. வாய் திறப்பது குறைந்து, இட்லியை நாலாகப் பிய்த்துப் போட வேண்டி வந்தது. அப்போதும், "சவத்த விடுட்டி, சூட்டுக்கு வந்திருக்கும்" என்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

எதற்கு இதெல்லாம் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? பயந்தாங்கொள்ளிப் பயலே! உனக்கு வயது இருபத்தைந்து. வெற்றிலை கிடையாது, பொயிலை கிடையாது, ஒரு பீடியைப் பற்றவைத்துப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வலிக்கவில்லை, உனக்கு வலிக்கிறது. அவருக்குக் கன்னம், உனக்கு நாக்கு. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே இல்லை. அது வயசாளிகளின் வியாதி. பல் உரசினால் பல் டாக்டரிடம் ராவிவிடச் சொல். டாக்டரம்மா சொல்கிறேன், தைரியமாக இரு.

அப்பாவுக்குக் கரண்ட் ஆரம்பித்துவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள். நானும் அம்மாவும் மாறி மாறித் துணைக்கு இருக்கிறோம்.

அன்புடன்,
அக்கா


பயிற்சி முகாம்
4 செப்டம்பர் 2024

அக்கா,

அனைவர் நலமும் அறிய ஆவல். அப்பாவுக்குக் கரண்ட் வைத்ததில் வாய் வெந்துபோகும் என்கிறார்களே, தாங்குகிறாரா?

புண் ஆறிவிட்டது. உன் ஜெல் இங்கே பிரபலம். எல்லோருக்கும் வாய்ப்புண். ஆளுக்கொரு ட்யூப் கேட்கிறார்கள். ஆறு அனுப்பு. உன் கையெழுத்தோடு வந்தால் சீக்கிரம் குணமாகிறது என்று ஹரியானாக்காரன் சொல்கிறான்.

துப்பாக்கி சுடுவதில் எங்கள் கம்பெனியில் மூன்றாவதாக வந்தேன். அப்பாவிடம் சொல். ஸ்பீக்கர் இல்லாமல் சொல்.

அப்பாவுக்குக் காது வலித்ததா? புண் இருந்த பக்கத்துக் காது. ஞாபகப்படுத்திப் பார்த்து எழுது.

இசக்கி


மேலகரம்
22 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

ஆறிவிட்டது என்று படித்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது. ஆறு ட்யூப் அனுப்பியிருக்கிறேன். முகாமுக்கே மருந்துக்கடை வைத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

மூன்றாவது என்றதும் அப்பா, "ரெண்டு பேரு எவன்ட்டி அவனுக்கு முந்தி?" என்றார். இரண்டு நாள் அதே கேள்வி. கரண்ட் முடிந்துவிட்டது. வாயெல்லாம் வெந்து, எச்சில் வற்றி, தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் திரிகிறார். ஆனால் எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. இலஞ்சி வரை நடந்து போய் வருகிறார். இவர் மாதிரி நல்லபடியாக எழுந்தவர்கள் குறைவு என்று நர்ஸ் சொன்னாள்.

காது வலித்ததாக அவர் சொன்னதே இல்லை. கேட்டும் பார்த்தேன், "காது உங்கம்மை பேச்சுலதான் வலிக்கும்" என்கிறார். ஏன் கேட்டாய்? யாருக்காவது காது வலியா? குளிரில் ஓடினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அக்கா


பயிற்சி முகாம்
27 அக்டோபர் 2024

அக்கா,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலமே. ஞாயிறு போன் செய்யவில்லை என்று கோபப்படாதீர்கள். வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் போகிறது, அந்த நேரத்தில் தூங்கலாம். கடிதம் போடுகிறேனே, போதாதா?

போன தடவை பேசும்போது என் குரல் குடிகாரன் குரல் மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். சளி. உஸ்தாத்தும் அதையே சொன்னார். அணி முன்னால் நின்று ஆள்கணக்கு ஒப்பிக்கச் சொன்னபோது எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. வேண்டுமென்றே கேலி செய்கிறேன் என்று மைதானத்தை எட்டுச் சுற்று ஓட வைத்தார். ஓடுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கால் நன்றாக இருக்கிறது.

ஜெல் தீரப்போகிறது. இன்னும் ஆறு வேண்டும்.

அப்பாவுக்குக் கழுத்தில், தாடைக்குக் கீழே, கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டதா? உடனே எழுது.

இசக்கி


மேலகரம்
24 நவம்பர் 2024

இசக்கிதுரை,

எல்லோரும் நலம், அதைப் பிறகு பார்க்கலாம். உன் கடிதம் பத்து நாளாக என்னைப் படுத்துகிறது.

கடையநல்லூர் ஹைருன் பீவி என்று ஒரு அம்மா எங்கள் கடைக்கு வருவார். மகள் ஃபாயிஸா, இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன நோன்புக் காலத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு நாக்கில் புண். நான்தான் ஜெல் கொடுத்தேன். அதே ஜெல். இடையில் ஆளைக் காணோம். நேற்று ஹைருன் பீவி மட்டும் வந்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற பால்மாவு கேட்டார். யாருக்கு என்றேன். "எம் மவளுக்குத்தான்மா. நாக்குல பாதிய எடுத்துட்டாங்க. வெத்தலைக் காம்பக்கூடக் கடிச்சதில்ல எம் புள்ள. ஏழு மாசம் ஜெல்லு போட்டே ஓட்டிட்டோம்" என்று சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். காது. குரல். கழுத்து. அப்பாவைப் பற்றியா கேட்டாய் நீ?

இப்போது உடனே கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டு. பார்த்ததை அப்படியே எழுது. ஆறிவிட்டது என்று எழுதினாயே, அது உண்மையா? அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்து எழுது. ஜெல் அனுப்பவில்லை. பதில் வராமல் ஒரு ட்யூப்கூட அனுப்ப மாட்டேன்.

அப்பாவுக்குக் கழுத்தில் கட்டி இருக்கவில்லை.

வேல்விழி


பயிற்சி முகாம்
14 டிசம்பர் 2024

அக்கா,

அப்பா, அம்மா நலம்தானே? இந்தக் கடிதத்தை அவர்கள் கண்ணில் காட்டாதே.

ஆறவில்லை. ஒரு நாளும் ஆறவில்லை. இப்போது எட்டணா அளவு இருக்கிறது. ஓரம் தடித்து நடுவில் குழி. நாக்கை வலது பக்கம் திருப்ப முடிகிறது, இடது பக்கம் முடியவில்லை. கழுத்தில் ஒரு கட்டி, வேப்பங்கொட்டை அளவு, நகராது. முகாம் மருந்தறையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். ஓடி ஓடிக் குறைந்தது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனால் கேள். இப்போது ஆஸ்பத்திரி என்று போனால் பயிற்சி நின்றுவிடும். மெடிக்கல் போர்டு என்று உட்கார வைப்பார்கள். தகுதி இல்லை என்று எழுதினால் அவ்வளவுதான், மறுபடி எழுதிச் சேர எனக்கு வயது இல்லை. நாலு தடவை தோற்று ஐந்தாவதில் கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால், வீங்கிய கன்னத்தோடு அப்பா ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து என்னை வழியனுப்பினார். எல்லாம் உனக்குத் தெரியும்.

பரேடுக்கு இன்னும் அறுபத்தெட்டு நாள். அதன் பிறகு நான் படையின் ஆள். அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் போய் விழுகிறேன். அப்பாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது என்று நீதானே எழுதினாய்? அந்த வயதிலேயே தாங்கியது, எனக்கு அறுபத்தெட்டு நாள் தாங்காதா? உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் பெட்டியில் இருக்கிறது. பயம் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் படிப்பேன்.

ஜெல் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. ஆறு அனுப்பு. யாரிடமாவது சொன்னால் எனக்கு அக்கா இல்லை. இதை விளையாட்டாக எழுதவில்லை.

இசக்கி


மேலகரம்
21 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கலும் திருவாதிரையும் ஒன்றாக வந்து கடையில் மூச்சுவிட நேரமில்லை. உன் கடிதமும் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தது. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அப்பா, அம்மா நலம்.

அப்பாவின் செக்கப்புக்குப் போனபோது டாக்டரைத் தனியாகப் பிடித்து உன்னைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெரிய மனிதர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மோளே, இது வயசு பாத்து வாறதில்ல. வயசானவங்களுக்குப் பெரும்பாலும் கன்னத்துல, பொயிலை இருந்த இடத்துல வரும். சின்ன வயசுக்காரங்களுக்கு அதிகமா நாக்கோட ஓரத்துல. அவங்கள்ல நெறையப் பேருக்கு ஒரு பழக்கமும் இல்ல. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. சின்ன வயசுல வேகமா ஓடும்னு சிலரு சொல்லுவாங்க, இல்லன்னு சிலரு சொல்லுவாங்க. ஒரே கட்டத்துல வந்தா ரெண்டு பேருக்கும் வைத்தியம் ஒண்ணுதான். ஆனா ஒரே கட்டத்துல வாறதில்லையே. அறுபது வயசு ஆளுக்கு வாய்ப்புண்ணுன்னா வீடே பயந்து கூட்டிட்டு வருது. இருபத்தஞ்சு வயசுப் பையனுக்குன்னா ஜெல் வாங்கிக் கொடுக்குது. மூணு வாரம் ஆறாத புண்ணுன்னா, பச்சப் புள்ளையா இருந்தாலும் சதை எடுத்துப் பரிசோதிக்கணும்."

அப்பாவுக்குக் கிடந்த மாதிரி உனக்கும் கிடக்கும் என்று நினைக்காதே. ஆகஸ்டில் நான் எழுதியது தப்பு. எல்லாமே தப்பு. அதைக் கிழித்துப் போடு.

உன் கமாண்டன்ட் அவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதி இன்றைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். உனக்கு அக்கா இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

வேல்விழி


ஆஸ்பத்திரி
7 பிப்ரவரி 2025

அக்கா,

அப்பா, அம்மா சுகமா? நான் முகாமிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது, திறக்காது.

கமாண்டன்ட் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன். வாயைத் திறக்கச் சொல்லி அவரே டார்ச் அடித்துப் பார்த்தார். அன்றைக்கே இங்கே அனுப்பிவிட்டார். சதை எடுத்தார்கள். அதேதான். கழுத்துக்கு இறங்கிவிட்டது. இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டுக் கைச் சதையை வைத்துத் தைப்பார்களாம். பிறகு பயிற்சி செய்தால் பேச்சு ஓரளவு வருமாம், பழையபடி வராதாம். என் பக்கத்துக் கட்டிலில் எழுபது வயதுத் தாத்தா. ஐம்பது வருடம் பொயிலை போட்டவர். முதல் கட்டத்திலேயே வந்துவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறார். என்னைப் பார்த்து, இந்த வயதில் எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். இல்லை என்றால் நம்பவில்லை.

ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நாக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஃபைலைத் திறந்தே வைத்திருப்பதாகக் கமாண்டன்ட் சொன்னார்.

அவர் உன் கடிதத்தை எனக்குக் காட்டினார். நல்ல இங்கிலீஷ். மேலே நீ போட்டிருந்த தேதி டிசம்பர் இருபத்தேழு. கவரில் தபால் முத்திரை ஜனவரி இருபத்தொன்று. இடையில், ஆறாம் தேதி வாக்கில், எனக்கு ஒரு பார்சல் வந்தது. ஆறு ட்யூப் ஜெல். கடிதம் ஒன்றும் இல்லை.

நான் சண்டைக்குக் கேட்கவில்லை. அந்த நாட்களில் நானும் ஆஸ்பத்திரி பக்கம் போகவில்லை, ஜெல்லைத் தடவிக்கொண்டு ஓடினேன். ஆனால் நீ வாயால் சொல்லவேண்டும். இங்கே எல்லோரும் என்னிடம் நல்ல வார்த்தையாகவே சொல்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

இசக்கி


மேலகரம்
12 பிப்ரவரி 2025

இசக்கிதுரைக்கு,

சொல்கிறேன்.

உன் கடிதம் மழையில் மாட்டவில்லை. டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதியே கிடைத்துவிட்டது. கடையின் பின்பக்கம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். நாலு நாள் கழித்துக் கமாண்டன்டுக்கு எழுதினேன். எழுதியதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் தபால் ஆபீஸைக் கடந்துதான் கடைக்குப் போய் வந்தேன். முகாமின் போன் நம்பர் இணையத்திலேயே இருந்தது. அடிக்கவில்லை.

முதலில் உனக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். அது பொய். அப்பா பரேடுக்குப் போக வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். ஒடுங்கிப்போன கன்னம் போட்டோவில் தெரியாமல் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அம்மாவை வைத்து ஒத்திகை பார்த்தார். ஏட்டு மகன் என்று ஊரே உன்னைப் பேசியது. எனக்கும் ஆசை, இசக்கி. உன்னை அந்த உடுப்பில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அறுபத்தெட்டு நாள் தாங்கும் என்று நீ எழுதியதை நான் நம்ப விரும்பினேன். நானும் உன்னோடு சேர்ந்து நாள் எண்ணினேன். நீ பட்டினி கிடப்பாயே என்று ஜெல்லை அனுப்பினேன். அதோடு வைக்க ஒரு வரிகூட எனக்கு எழுத வரவில்லை.

டாக்டரிடம் கேட்டது ஜனவரி மூன்றாம் தேதி. அவ்வளவும் கேட்ட பிறகும் பதினெட்டு நாள் சும்மா இருந்தேன். இதற்கு மேல் எனக்குச் சாக்கு இல்லை.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி காலையில் ஹைருன் பீவி வந்தார். பிரிக்காத பால்மாவு டப்பா இரண்டை மேசையில் வைத்து, "இத வச்சுக்கோம்மா, வேற யாருக்காவது ஆவும்" என்றார். ஃபாயிஸா போய்விட்டாள் என்று அதிலேயே புரிந்துகொண்டேன். கடையை அப்படியே போட்டுவிட்டுத் தபால் ஆபீஸுக்கு ஓடினேன். கடிதத்தில் தேதியை மாற்றி எழுதக்கூடத் தோன்றவில்லை.

போன வாரம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டிலையே உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்லா அது எப்பிடி இருக்கும்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தியன்னா போன்லயே கண்டுபிடிச்சிருப்பேனே. ஏன்ட்டி ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். நாம் அவரிடம் கேட்கவே இல்லை, இசக்கி. அவரைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதி எழுதித் தள்ளினோம், அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

நானும் அப்பாவும் இருபதாம் தேதி காலையில் அங்கே வந்து சேருவோம். அம்மா முழங்காலோடு அவ்வளவு தூரம் வர முடியாது, அழுதுகொண்டே முறுக்கு சுட்டாள், நீ சாப்பிட முடியாது என்று ஞாபகம் வந்ததும் மாவை அப்படியே வைத்துவிட்டாள். என்னைப் பார்க்க உனக்கு மனம் இல்லையென்றால் நர்ஸிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. நான் வெளியே இருந்துகொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வேல்விழி


ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
20 பிப்ரவரி 2025

அக்கா,

நீங்கள் இரண்டு பேரும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். வழியில் சாப்பிட்டீர்களா?

அப்பா மட்டும் உள்ளே வரட்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு என்னைக் கொண்டுபோகிறார்கள். இந்த நாக்கில் பேச இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. குழறினாலும் என் குரல்தான். அதை அப்பாவிடம் பேசித் தீர்க்க வேண்டும். உன்னிடம் நான் எழுதிக்கொள்ளலாம், நாளைக்கும் எழுதலாம், அதற்குப் பிறகும் எழுதலாம். நமக்கு அது பழகிவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியவில்லை.

வராந்தாவிலேயே இரு. எங்கேயும் போய்விடாதே.

இசக்கி